ஏழு பிடி உயரத்தில் ஒரு மஞ்சள் கயிறு

என் பிரியத்துக்குரிய அத்தானுக்கு,

உங்கள் முதல் ஆண்டுத் திதி முடிந்து மூன்று வாரமாகிறது. அன்று இலஞ்சி வீட்டில் பந்தி முடிந்ததும் அக்கா உள்ளே போய் உங்கள் பச்சை அட்டை நோட்டை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். "அவுக இருக்கும்போதுதான் நீ வாசிக்கல. இப்பமாவது வாசிலே" என்றாள். பத்து வருஷத்தில் அவள் என்னோடு பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

உங்களுக்குத் தெரிந்த கதையைத்தான் எழுதப் போகிறேன். ஆனாலும் நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாலை. குற்றாலத்தில் மழைமானி பார்க்கும் வேலை உங்களுக்கு. சைக்கிளில் வீடு திரும்பும்போது, இலஞ்சி வயலுக்கு மேலே வானத்தில் செம்மஞ்சளாக ஒரு ஒளி. அது கயிறு போல நீண்டு, முறுக்கி, நெளிந்து, பிய்ந்து மறைந்தது. நீங்கள் கத்தவில்லை, கும்பிடவுமில்லை. சைக்கிளை நிறுத்தி நோட்டை எடுத்தீர்கள். தென்மேற்கு, நீட்டிய கையின் முஷ்டியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அளந்தால் ஏழு பிடி உயரம், பதினான்கு நிமிஷம், எந்தப் பக்கம் எப்போது வளைந்தது என்று நிமிஷவாரியாகப் படம். கடைசி வரியில், 'என்னவென்று தெரியவில்லை.'

தென்காசியில் நாங்கள் ஒரு அறிவியல் மன்றம் நடத்திக்கொண்டிருந்தோம். தலைவர், ஓய்வு பெற்ற பேராசிரியர். செயலாளர், நான். பறக்கும் தட்டு உண்டா இல்லையா என்று அந்த வாரக் கூட்டத்தில் விவாதம். இல்லை என்று சொல்ல எட்டுப் பேர் இருந்தோம். உண்டு என்று சொல்ல ஆளில்லை. அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் விவாதம்! அங்கேதான் நீங்கள் அந்த நோட்டோடு வந்து நின்றீர்கள்.

"தட்டுன்னு நான் சொல்லலய்யா. என்னன்னு தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுவீகன்னுதான் வந்தேன்."

தலைவர் நோட்டைக் கையால் தொடவில்லை. "வெள்ளியப் பாத்திருப்பீரு வே. இல்ல, சாயங்காலம் வேற எதாவது உள்ள போயிருக்கும்."

"வெள்ளி நெளியுமாய்யா?"

அரங்கமே சிரித்தது. கேள்வி சரியான கேள்வி என்று அங்கே ஒருவனுக்கும் உறைக்கவில்லை. நானும் சிரித்தேன், அத்தான். சொந்தக்காரன் என்பதால் எங்கே என்னையும் உங்களோடு சேர்த்துவிடுவார்களோ என்று மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன். நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு நோட்டை மடித்துக்கொண்டு போனீர்கள்.

தலைவர் அதோடு விட்டாரா? மன்றத்தின் மாதத் துண்டறிக்கையில், படித்தவனையும் பிடிக்கும் மனமயக்கத்துக்கு உதாரணமாக உங்கள் பெயரையும் உத்தியோகத்தையும் போட்டு எழுதினார். அதை அச்சுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். உங்கள் மேலதிகாரி அதைப் படித்தார். இல்லாததைப் பார்க்கிற கண் மழையை எப்படி அளக்கும் என்று கேட்டாராம். மழைமானியைப் பிடுங்கிக்கொண்டு உங்களைக் கோப்புக் கட்ட உட்கார வைத்தார்கள். கடைத்தெருவில் 'தட்டு' என்று பட்டப்பெயர். அதன் பிறகு நீங்கள் மாலையில் வெளியே வருவதையே நிறுத்திவிட்டதாக அக்கா சொன்னாள். என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதை அவள் நிறுத்தியதும் அதோடுதான்.

தட்டு உண்டு என்கிற மறுபக்கத்து மேதாவிகள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? மதுரையிலிருந்து பத்திரிகைக்காரர் என்று ஒருவர் உங்களைத் தேடி வந்தார். "ஜன்னல் இருந்துச்சா சார்? உள்ள ஆளு தெரிஞ்சுதா?"

"கயிறு மாதிரி இருந்துச்சு. கயித்துக்கு ஏதுய்யா ஜன்னலு?"

ஜன்னல் வைத்த வட்டக் கப்பல் ஒன்றை நீங்கள் பார்த்ததாக எழுதிவிட்டார். அவரும் நோட்டைத் திறக்கவில்லை. ஒருவருக்கு இல்லை என்பது முன்கூட்டியே தெரியும். இன்னொருவருக்கு உண்டு என்பது முன்கூட்டியே தெரியும். இவ்வளவு தெரிந்தவர்கள் எதற்காக வாசிக்க வேண்டும்?

இப்போது சேதி சொல்கிறேன். போன வாரம் ஒரு வேலையாகத் திருவனந்தபுரம் போனேன். செங்கோட்டை தாண்டி ரயில் மலையேறும்போது உங்கள் நோட்டை வாசித்துக்கொண்டிருந்தேன். எதிர் இருக்கைப் பெரியவர் எட்டிப் பார்த்து, மலையாளம் கலந்த தமிழில், "அந்தப் படம் ஒண்ணு காட்டாமோ?" என்றார். மலைக்கு அந்தப் பக்கம், கடற்கரையில் ராக்கெட் விடுகிற இடத்தில் கேமரா வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். பக்கங்களைப் புரட்டப் புரட்ட அவர் முகம் மாறியது.

"இது சோடியம் புகையாக்கும். மேல காத்து எங்ஙன போகுதுன்னு பார்க்க, அந்தி நேரத்துல ராக்கெட்ல கொண்டுபோய் விடுவோம். இதைப் படம் பிடிக்க நாலு ஊர்ல கேமரா வச்சோம் சாரே. இவர் வெறும் கையால அளந்திருக்கார்! ஆளு இப்ப எங்கே?"

இறந்துவிட்டார் என்றேன். அவர் நோட்டை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். சுரங்கத்துக்குள் ரயில் போனது நல்லதாயிற்று. என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

ஒரு தபால் கார்டு, அத்தான். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தபால் கார்டு போட்டுக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அறிவியல் மன்றத்தில் ஒருவனுக்கும் அது தோன்றவில்லை.

திரும்பி வந்ததும் தலைவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்த என் மடத்தனத்தை என்ன சொல்ல? சாய்வு நாற்காலியில் நிமிர்ந்தார். "நான் அப்பவே சொன்னேம்லா, தட்டு இல்லன்னு! ஜெயிச்சது யாரு வே?" மதுரைக்காரருக்கும் எழுதினேன். அரசாங்கம் இப்படித்தான் மூடி மறைக்கும் என்று பதில் வந்திருக்கிறது. இவர்களுக்குள் சண்டை என்று இத்தனை நாள் நம்பினேன். ஒரே வயிற்றில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்.

நேற்று மன்றக் கூட்டம். கடையநல்லூரிலிருந்து தறி நெய்கிற பாய் ஒருவர் வந்திருந்தார். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால், மூன்று நாளாக அந்தி மக்ரிப் தொழுகை முடிந்த நேரத்தில் மலைப் பக்கம் ஒரு விளக்கு நின்று நின்று நகர்கிறது என்றார். முன்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. நான் எழுந்தேன். "சிரிக்கவங்க வெளிய போயி சிரிச்சிட்டு வாங்க" என்றேன்.

தலைவர், "என்னவே, நீரும் அந்தக் கட்சியா?" என்றார்.

"எந்தக் கட்சியும் இல்லய்யா. போய்ப் பாக்கப் போறேன்."

கூட்டம் முடிந்ததும் இலஞ்சிக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரயிலில் கேட்டது, தலைவர் சொன்னது, நாளை கடையநல்லூர் போவது. அழுவாள் என்று பயந்தேன். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "எத்தன மணிக்குலே பஸ்சு? நானும் வருதேன்" என்றாள்.

அவளைப் பத்திரமாகக் கூட்டிப் போய்க் கூட்டி வருவேன். அந்த மாடியில் எது தெரிந்தாலும், ஒன்றுமே தெரியாமல் போனாலும், அந்தப் பாயைப் பார்த்து யாரையும் சிரிக்க விடமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்தும், உங்கள் பக்கம் நிற்காமல் போன மைத்துனன்,
முத்துக்குமார்
தென்காசி