மூத்தவளுக்கு உப்பு ஒத்தடம்

என் மாமாவுக்கு,

போன எடத்துல நல்லா இருக்கறீங்களா? சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க? யார்கிட்டயும் வாயத் தொறந்து கேக்க மாட்டீங்களே, அந்தக் கவலைதான் எனக்கு. இங்க சித்திரை மழை நல்லாப் பேஞ்சிருக்குது. சின்னவருதான் இப்ப வண்டி ஓட்டறாரு. செவலை எருதுக்கு உங்க தம்பி குரல் இன்னும் பழகலை, பூட்டுனா நின்னு நின்னு திரும்பிப் பாக்குது. அவரு சம்சாரம் மாதம்மாவுக்குப் பொண்ணு பொறந்திருக்கறா. மூக்கு உங்க மூக்கு. நமக்குன்னு ஒண்ணு இருந்திருந்தா இப்புடித்தான் இருந்திருக்கும்.

எழுத்து கோணக்கோணயாத்தான் இருக்கும். கோழி கெளறுனாப்பலன்னு கேலி பண்ணாதீங்க.

இப்ப உங்க மூத்த சம்சாரத்தைப் பத்திச் சொல்லோணும். அதுக்குத்தான் எழுத உக்காந்தேன்.

ஆமா, வெள்ளச்சியைத்தான் சொல்றேன். எனக்கு முன்னாலயே இந்த வூட்டுக்கு வந்தவ அவதானே. சித்தேரிப் பக்கம் கடுக்காய் ஏத்தப் போன எடத்துல, தாயில்லாத குட்டின்னு துண்டுல முடிஞ்சு எடுத்தாந்தீங்களாம். நான் தாலியோட வாசப்படி மிதிச்ச அன்னிக்கே என் புதுச் சீலையில ஏறி ஒரு பிறாண்டு பிறாண்டுனா. நீங்க அவளை ஒரு அதட்டு அதட்டுனீங்களா? "அவ மூத்தவ, நீதான் அனுசரிச்சுப் போவோணும்"னு சொல்லிட்டு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு இன்னிக்கும் உங்க மேல கோவந்தான்.

நீங்க சேலத்துக்குப் புளி மூட்டை ஏத்திக்கிட்டுப் போனா, வர்ற வரைக்கும் அவ வாசல்லயே கெடப்பா. நானும் வாசல்லதான் கெடப்பேன். ரெண்டு பேரும் ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாக்க மாட்டோம். வண்டி வந்ததும் நீங்க மொதல்ல அவளைத்தான் தூக்குவீங்க. சக்களத்தின்னா வேற எப்புடி இருப்பா?

அவளுக்கு இப்ப வயசாயிருச்சு மாமா. ஒரு பூனை இத்தனை வருசம் இருந்து இந்த ஊர்ல யாரும் பாத்ததில்லையாம். வெள்ளை முடியெல்லாம் பழுத்துப் போச்சு. ஒரு கண்ணுல பால் வுழுந்த மாதிரி படலம். காது சுத்தமாக் கேக்கறதில்லை. எலி முன்னால ஓடுனாலும் ஊரான் வூட்டு எலி மாதிரி பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறா.

அதெல்லாம் போவட்டும், வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். ஆனா அவ குணம் கெட்டுப் போனதைத்தான் தாங்க முடியலை. பொடைச்சு வெச்ச ராகி மொறத்துல ஒண்ணுக்குப் போறா. விடியக்காலம் சுவத்தைப் பாத்து உக்காந்துகிட்டு, யாரோ செத்த வூடாட்டம் ஓன்னு ஒப்பாரி வெக்கறா. பால் ஊத்துனா மோந்து பாத்துட்டுக் கிண்ணியைத் தட்டி வுடறா. பாவமேன்னு தூக்குனா கடி. என் கையைப் பாத்தீங்கன்னா இலந்தை முள்ளுக்குள்ள புகுந்து வந்தவ கையாட்டம் இருக்கும். "எதுக்குடி உசுரை வாங்கறே, உன் புருசன்கூடவே நீயும் போயிருக்கலாமில்ல"ன்னு ஒரு நாள் நான் கத்தியே போட்டேன். கத்திட்டு நானே அழுதேன்.

மாதம்மா பொறுத்துக்கிட்டுத்தான் இருந்தா, அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா தூளித் துணி மேல ஒண்ணுக்குப் போனவளை வெரட்டப் போயி, அவ கையிலயும் கடி வாங்கிட்டா. பச்ச ஒடம்புக்காரி. அழுதுகிட்டே என்கிட்ட வந்தா. "அக்கா, இது பூனை இல்லைக்கா. மாமனைப் புடிச்சிருந்ததுதான் இதுக்குள்ள வந்திருக்குது. அவரும் இப்புடித்தானே கத்துனாரு? இப்புடித்தானே தட்டைத் தூக்கி வீசுனாரு? எம்புள்ளைக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா?"

எனக்கும் அந்த நெனப்பு வராமலா இருந்துச்சு?

உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். பட்டாள லாரிங்க ராவும் பகலும் தொப்பூர்க் கணவாயில ஏறி எறங்க ஆரம்பிச்ச காலம். ஒரு தடவை லாரிக்காரன் பின்னாலயே ஆரன் அடிச்சுத் தொரத்துனதுல, கணவாய் முனிக்கு எலுமிச்சங்காயும் சுருட்டும் வெக்காம வண்டியை ஓட்டிக்கிட்டு வந்துட்டீங்க. அதுக்கப்பறம்தான் நீங்க மாறுனீங்க. மாறுனீங்கன்னு நாங்க நெனைச்சோம். என்னை அதிர்ந்து ஒரு வார்த்தை சொல்லாத மனுசன், களி கட்டியா இருக்குதுன்னு தட்டோட வீசுனீங்க. முதுகு தேச்சு வுட வந்தா "தொடாதடி"ன்னு கத்துனீங்க. சுவத்துப் பக்கம் திரும்பிக் குறுக்கிப் படுத்துக்கிட்டுப் பல்லைக் கடிச்சீங்க. கூட வண்டி ஓட்டறவங்க எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க, முனி அறைஞ்சிருச்சுன்னு.

முனியை ஓட்டக் கணவாய்ப் பூசாரிகிட்ட உங்களைக் கூட்டிக்கிட்டுப் போனது நான்தான். யாரு வேணாம்னாலும் கேட்டிருக்க மாட்டேன், அவ்வளவு பயம் எனக்கு. பூசாரி வேப்பங்கொத்தால அடிச்சாரு. "யாரு நீ, எப்பப் போவே"ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாரு. அவரு நல்லதுக்குத்தான் செஞ்சாரு, ஒரு காசு கூட வாங்கலை. சின்னவரு உங்க ரெண்டு கையையும் பின்னாலருந்து புடிச்சுக்கிட்டாரு. நீங்க வாயே தொறக்கலை. என்னையே பாத்துக்கிட்டு நின்னீங்க. வண்டியில திரும்பி வர்றப்ப மட்டும், "உனக்கு இப்பத் திருப்திதானே, பச்சை?"ன்னு கேட்டீங்க. எவ்வளவு அமைதியாக் கேட்டீங்க! முனி எறங்கிருச்சுன்னு நான் கணவாய் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன்.

ஆடி பொறந்ததும் போய்ச் சேந்துட்டீங்க. குளிப்பாட்டுனவங்க வயித்துல கல்லாட்டம் கட்டி தட்டுப்படுதுன்னு சொன்னாங்க. முனி அறைஞ்ச எடம்னு அதுக்கும் ஒரு பேரு வெச்சோம். நானும் நம்புனேன் மாமா. இந்தச் சித்திரை வரைக்கும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன்.

சின்னவரு ஒரு முடிவு சொன்னாரு. "அண்ணி, பூனையைக் கொல்றது பாவம், அது நம்மால ஆவாது. ஞாயித்துக்கெழமை சேலத்துக்கு வண்டி போவுது. சாக்குல போட்டுக் கணவாயில எறக்கி வுட்டுட்டு, முனிகிட்டயே ஒப்படைச்சுட்டு வந்துடறேன். அவரு சாமானை அவரே எடுத்துக்கட்டும்."

கண்ணு தெரியாதவளை, காது கேக்காதவளை, லாரி ஓடற ரோட்டுல. அது எனக்குத் தெரியாமலா? ஆனா கைக்கொழந்தை இருக்கற வூட்டுல, புள்ளை பெறாத நான், புருசன் இல்லாத நான், பூனைக்காக எப்புடி மல்லுக்கு நிப்பேன்? செரின்னு தலையை ஆட்டிட்டேன்.

ஞாயித்துக்கெழமை காத்தால ராகிச் சாக்கை ஒதறி வாசல்ல போட்டு வெச்சாங்க. அந்த நேரம் பாத்து உள்ள கொழந்தை வீல்னு கத்துச்சு. மாதம்மாவும் நானும் ஓடுனோம். வெத்தலையில வெளக்கெண்ணெய் தடவி, அனல்ல வாட்டி, வயித்துல போட்டுத் தடவிக் குடுத்தேன். கொஞ்ச நேரத்துல அடங்கிருச்சு. மாதம்மாவுக்கும் இடுப்பு கடுக்குதுன்னு கல்லுப்பை வறுத்து முடிச்சு ஒத்தடம் குடுத்தேன். சூடு ஆறாத அந்த உப்பு மூட்டையைக் கொண்டாந்து வாசல்ல சாக்கு மேல வெச்சுட்டு, வெள்ளச்சியைத் தேடிக்கிட்டு மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் போனேன்.

அங்க இல்லை. திரும்பி வந்து பாக்கறேன், அவளே ஊந்து ஊந்து வந்து சாக்கு மேல ஏறிட்டிருக்கறா. மோந்து பாத்தா. ரெண்டு சுத்து சுத்துனா. இடது இடுப்பை அந்த உப்பு மூட்டை மேல அப்புடியே வெச்சு அழுத்திப் படுத்தா. கண்ணை மூடுனா. அப்பறம் கொர்ர், கொர்ர்னு ஒரு சத்தம். நீங்க போனதுலருந்து அந்தச் சத்தத்தை நான் கேக்கவே இல்லை.

பக்கத்துல உக்காந்து மெதுவாத் தலையைத் தடவுனேன், கடிக்கலை. கழுத்தைத் தடவுனேன், கடிக்கலை. வலது பக்கம் தொட்டேன், சும்மா இருந்தா. இடது இடுப்புல வெரல் பட்டதுதான் தாமதம், சுள்ளுனு வந்துச்சு பாருங்க ஒரு கடி! அங்க நெல்லிக்காயாட்டம் வீங்கியிருந்துச்சு. அந்த எடத்துலதானே நாங்க தெனமும் கையக் குடுத்துத் தூக்குனோம்?

அடி பாவி மகளே, வலிக்குதாடின்னு கேட்டேன். கேட்ட வாய் கேட்டபடி நின்னு போச்சு.

பங்குனி வெயில்ல நீங்க கட்டில்ல படுத்துக்கிட்டு இவளைக் கூப்புட்டு வயித்து மேல போட்டுக்குவீங்களே. துண்டை வேற மேல போத்திக்குவீங்க. "இந்த வெக்கையில அவளை எறக்கி வுடுங்க, பாக்கறவங்க சிரிக்கறாங்க"ன்னு நான் எத்தனை தடவை கத்தியிருக்கறேன்! நீங்க என்ன சொல்லுவீங்க? "இருக்கட்டும் புள்ளே, கதகதன்னு இருக்குது." நான் வயிறெரிஞ்சு போவேன். பொண்டாட்டி முதுகு தேச்சு வுட்டா ஆவாது, பூனை வயித்து மேல ஏறிப் படுத்தா ஆவுதான்னு. அது ஒத்தடம்னு எனக்குத் தெரியலையே மாமா! உங்களுக்கு எங்க வலிக்குதுன்னு இந்த வூட்டுல அவ ஒருத்திக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சு.

கைக்கொழந்தை கத்துனா வயித்தைத் தடவிப் பாக்கறோம். ஆம்பளை கத்துனா முனிங்கறோம். இது என்ன நாயம், சொல்லுங்க.

ஆனா உங்களையும் நான் சும்மா வுட மாட்டேன். உங்களுக்கு வாய் இல்லையா? வயிறு வலிக்குது பச்சைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சு போயிருக்கும்? வண்டி நின்னுரும், சோத்துக்கு என்ன பண்றதுன்னு பயமா? இல்லை, நான் பயந்துருவேன்னு நெனைச்சீங்களா? வேப்பங்கொத்து அடியையே வாங்கிக்கிட்டு நிக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு, பொண்டாட்டிகிட்ட வலிக்குதுன்னு சொல்லத் தெரியலையா? அன்னிக்கு வண்டியில கேட்டீங்களே, திருப்திதானேன்னு. இல்லை மாமா. திருப்தி இல்லை. எந்தச் சென்மத்துலயும் எனக்குத் திருப்தி வராது.

நான் வாசல்ல உக்காந்து அழுதுகிட்டிருக்கறப்ப சின்னவரு எருதைப் பூட்டிட்டு வந்தாரு. "அண்ணி, நேரமாவுது. சாக்கு வாயைக் கட்டுங்க."

"கட்ட மாட்டேன் தம்பி."

"என்னங்க அண்ணி, நேத்து வரைக்கும் செரின்னு சொல்லிட்டு..."

"இதுக்கு முனியும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. இடுப்புல கட்டி. வலிக்குது, அதான் கடிக்குது. கொழந்தைக்கு ஆவாதுன்னா நானும் இவளும் மாட்டுக் கொட்டாயில போயி இருந்துக்கறோம். வூட்டுப் பக்கம் வர வுட மாட்டேன்."

"அண்ணியைக் கொட்டாயில வெச்சிருக்கறான்னு ஊரே என் மூஞ்சியில துப்பும்ங்க!"

"துப்புனா தொடைச்சுக்குங்க. மொதல்ல இங்க வந்து கையை வெச்சுப் பாருங்க."

அவரு குத்துக்காலிட்டு உக்காந்து மெதுவாத் தொட்டுப் பாத்தாரு. அவ சீறுனா. அவரு கையை எடுத்துக்கிட்டு அப்புடியே உக்காந்திருந்தாரு. அப்பறம் கேட்டாரு, "அண்ணி... அப்ப அண்ணனுக்கும்...?"

நான் தலையை மட்டும் ஆட்டுனேன். உங்க தம்பி தன் ரெண்டு கையையும் விரிச்சுப் பாத்துக்கிட்டாரு. உங்களைப் புடிச்சிருந்த கை. அதுக்கப்பறம் சாக்கைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டு வெறும் ஆளா வண்டி ஏறுனாரு. திரும்பி வந்தப்ப என் முன்னால கல்லுப்பு மூட்டை ஒண்ணை வெச்சாரு. "இது பத்துமாங்க அண்ணி?"ன்னு கேட்டாரு.

இப்ப கொட்டாயிலதான் இருக்கறோம் மூத்தவளும் நானும். எருது மூச்சு வுடற சத்தமும் அவ கொர்ருங்கறதும் பழகிப் போச்சு. மாதம்மா வாசல்லருந்தே கொழந்தையைத் தூக்கிக் காட்டுவா. வெள்ளச்சி நல்லாயிட்டான்னு பொய் சொல்ல மாட்டேன். கட்டி பெருசாயிட்டுத்தான் இருக்குது. கஞ்சித் தண்ணிதான் எறங்குது. இன்னமும் ஒண்ணுக்கு எங்கன்னு இல்லை, இன்னமும் என்னைக் கண்டா ஆவறதில்லை. ஒத்தடம் குடுக்கற கையையே கடிப்பா. கடிச்சுட்டுப் போவட்டும். நான் அவளுக்குச் செய்யற ஒவ்வொரு ஒத்தடமும் யாருக்குச் செய்யறதுன்னு எனக்குத் தெரியும்.

சீக்கிரம் அங்க வந்துருவா மாமா. இந்த மழை முடியறதுக்குள்ள வந்துருவான்னுதான் தோணுது. வந்ததும் ஆசையா வாரித் தூக்காதீங்க. இடது பக்கம் கை படாம, நெஞ்சுக்கடியில கையக் குடுத்துத் தூக்குங்க. அப்பறம் வழக்கம் போல வயித்து மேல போட்டுக்குங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

நம்ம வூட்டுல இனிமே யாரு கத்துனாலும், தட்டை வீசுனாலும், மனுசனோ மாடோ, அதுக்கு எங்க வலிக்குதுன்னு கேட்டுத் தடவிப் பாக்காம நான் யாரையும் கணவாய்க்கு அனுப்ப வுட மாட்டேன். அந்தச் சின்னக் குட்டிக்கும் பேச்சு வந்ததும் மொதல்ல சொல்லிக் குடுக்கப் போற வார்த்தை "வலிக்குது"ங்கறதுதான். உங்க மூக்கு இருக்கட்டும் அவளுக்கு, உங்க வாய் வேணாம்.

இப்புடிக்கு,
மூத்தவளுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கற
உங்க அத்தை மக, எளையவ,
பச்சையம்மா