ராஜாவின் தலை என் அடுப்புக்கடியில்

அக்மீம், எகிப்து,
வெள்ளிக்கிழமை

என் கண்ணான பேரன் தியாபுக்கு,

உன் பாட்டி நஃபீசா எழுதுவது. மிலானில் அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும் குளிராத காலையும் தரட்டும். இங்கே நானும் உன் அப்பாவும் எருமையும் சுகம். போனில் பேசினால் உன் அப்பன் ஷாஸ்லி காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறான். இது அவனுக்குத் தெரிய வேண்டாத சங்கதி.

கொல்லையில் உனக்கு அறை கட்ட அஸ்திவாரம் தோண்டினோம் அல்லவா? கடப்பாரை ஏதோ பழைய ராஜா சிலையின் கல் பாதத்தில் போய் இடித்தது. அதன் கட்டைவிரலே கன்றுக்குட்டித் தலை அளவு. மூடிவிட்டு மேலே கான்கிரீட் போடலாம், மூச்சு விடாதே என்றான் உன் அப்பன். நானும் விடவில்லை. மாவு மில்லில் ஹமாதாவின் அம்மா, மருமகனுக்குக் கோர்ட்டில் உத்தியோகம் என்று பீற்றிக்கொண்டாள். எங்கள் வீட்டில் ராஜாவே படுத்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். சாயங்காலமே தொல்பொருள் இலாகா ஜீப் வாசலில் நின்றது. கட்டக் கூடாது என்று அவர்கள் சுவரில் ஒட்டியதை உன் அப்பனுக்கு நானே வாசித்துக் காட்டினேன். ஐந்தாவது படித்தது வீண் போகவில்லை.

ரிஹாம் என்றொரு அதிகாரிப் பெண் தோண்டுகிறாள். துரத்துவதற்காகச் சர்க்கரை போடாத டீயைக் கொடுத்தேன். அப்படித்தான் குடிப்பேன் என்று இன்னொன்று கேட்டாள். ராஜாவுக்குப் பவுடர் பூசுவதுபோல் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டுகிறாள். இந்த வேகத்தில் கட்டியிருந்தால் கீஸாவில் ஒரு பிரமிடும் எழும்பியிருக்காது என்றேன். சிரித்தாள். நல்ல பல் வரிசை. உன் அத்தையையே உதைத்த எருமை அவளை உதைக்கவில்லை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை, விசாரித்துவிட்டேன்.

உன் படத்தைக் காட்டினேன். "ராஜாவுக்கு இன்னும் மூஞ்சி வரலையே பாட்டி. அதுவரைக்கும் உங்க பேரன்தான் அழகு" என்றாள்.

இப்போது ராஜா கழுத்துவரை வந்துவிட்டார். தலை என் ரொட்டி அடுப்புக்கு அடியிலாம். அதை இடிக்க வேண்டுமாம். ராஜா ஒழிந்தால் அறை கட்டலாம் என்று உன் அப்பனும் குதிக்கிறான். தலை கிடைத்த அன்றே ராஜாவை லாரியில் ஏற்றிக்கொண்டு அவள் போய்விடுவாளே, அது அவனுக்கு உறைக்கிறதா? நான் விடிவதற்குள் அடுப்பை மூட்டிவிடுகிறேன். கொதிக்கும் அடுப்பில் யார் கை வைப்பார்கள்? தெரு முழுக்க இப்போது நம் வீட்டு ரொட்டிதான்.

"அடுப்ப எடுத்தாத்தான் ராஜாவுக்குத் தலை கிடைக்கும் பாட்டி" என்று கெஞ்சினாள்.

"எனக்குந்தான் பேரன் கிடைக்கல. ரெண்டும் ஒரே நாள்ல கிடைக்கட்டும்" என்றேன்.

நேற்று அவளாகவே, உங்கள் பேரன் எப்போது வருகிறார் என்று கேட்டாள். அடுப்புக்காகக் கேட்டிருக்கலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அறை முடியாமல் வந்து எங்கே படுப்பது என்று உன் அப்பனிடம் கேட்டாயாம். ராஜா இத்தனை காலமும் கொல்லையில்தானே படுத்திருந்தார், ஏதாவது குறை சொன்னாரா?

அங்கே யார் வீட்டு அடுப்பிலோ யாருக்கோ பீட்சா சுடுகிறாய். இந்த அடுப்பை உன் கையால்தான் இடிக்க வேண்டும். வேறொருவனைத் தொட விடமாட்டேன். உன் வழியெல்லாம் அல்லாஹ் லேசாக்கட்டும்.

விறகு தீர்வதற்குள் வந்துவிடு, கண்ணே.

அடுப்படியிலிருந்து,
உன் பாட்டி நஃபீசா