சந்திரனுக்குப் போன கொழுந்து லொறி

2025 ஜனவரி 18, சனி

மழை. மேல்மலை மடுவத்துக் கொட்டகையில் தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிக்க மூன்றரை ஆகிவிட்டது. பெண்கள் சாக்குகளோடு வரிசையில் நிற்க, நான் லொறிக்குள் உட்கார்ந்து கதையில் இரண்டு பக்கம் எழுதினேன். ஏற்றி முடியும் வரை டிரைவருக்கு என்ன வேலை? மற்றவர்கள் தூங்குவார்கள், இல்லாவிட்டால் போனைத் தடவுவார்கள். நான் சந்திரனுக்குப் போய்வருவேன்.

டயர் கடைக்காரர் கொடுத்த இந்த டயரியில் உண்மை. நீளக் கொப்பியில் பொய். பொய் இப்படிப் போகிறது: பொகவந்தலாவையில் ஒரு கொழுந்து லொறி. ஒரு நாள் வளைவில் ஏறுகிறது, ஏறுகிறது, பாதை முடியவே மாட்டேன் என்கிறது. கடைசியில் சந்திரனில் போய் நிற்கிறது. அங்கே தேயிலை போட்டுத் தோட்டமே உண்டாக்கிவிடுகிறார்கள். அந்த டிரைவர் என்னை மாதிரியே இருப்பார், தலையில் முடி மட்டும் கொஞ்சம் அதிகம்.

சின்ன வயதில், அடுப்படித் தட்டில் விரித்திருந்த பழைய வாரப் பத்திரிகையில் விண்வெளித் தொடர்கதை ஒன்றின் நடு அத்தியாயத்தைப் படித்தேன். முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. அந்த வியாதி நாற்பத்தாறு வயதிலும் விடவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

நீளக் கொப்பியைக் காணவில்லை. சீட்டுக்கு அடியில், சாக்குக் குவியலில் — எங்கும் இல்லை. தொலைந்தால் நல்லது. இல்லை, நல்லதில்லை.

ஜனவரி 22, புதன்

திருடி வீட்டிலேயே இருக்கிறாள். என் மகள் சுலக்ஷனா. பதினோராம் வகுப்பு, மார்ச்சில் சாதாரண தரப் பரீட்சை. படிக்கிற பிள்ளை என்று நான் டீயே சத்தமில்லாமல் குடிக்கிறேன்; அவள் என் கொப்பியைப் படித்திருக்கிறாள்.

"அப்பா, கோவிச்சுக்கக் கூடாது. ஒங்க கதையில பிழ இருக்கு."

"எழுத்துப் பிழையா?"

"எழுத்துல கம்மிதான். சந்திரனே பிழ."

லொறி சந்திரனில் நின்றதும் டிரைவர் ஹோன் அடிக்கிறார். காற்று இல்லாத இடத்தில் சத்தம் எப்படிக் கேட்கும் என்கிறாள். கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்க்கிறார். பார்த்த இடத்திலேயே செத்திருப்பாராம். பனிமூட்டம் என்று அழகாக வர்ணித்திருந்தேன். அதுவும் கிடையாதாம். போகட்டும். கடைசியாக ஒன்று கேட்டாள்: "டீசல் எரியக் காத்து வேணுமேப்பா. அப்ப லொறி எப்படி ஓடுச்சு?"

இருபத்திரண்டு வருசமாக லொறி ஓட்டுகிறேன். காற்று வடிகட்டி அடைத்தால் எஞ்சின் திணறும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவன். எனக்கே இது தோன்றவில்லையே!

அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் படுத்திருப்பேன். ஆனால் கொப்பியை அவள் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்விட்டாள். விஞ்ஞான டீச்சர் வாங்கி வைத்துக்கொண்டாராம். கேட்டதும் கத்திவிட்டேன். ஏன்டி, ஒங்கப்பன் கிறுக்கன்னு ஊருக்கே சொல்லணுமா? சின்னப் புள்ளைங்கல்லாம் சிரிக்கணுமா? நாளைக்கு மடுவத்துல நான் எப்படித் தலையக் காட்டுறது?

"தலையில என்னா இருக்கு காட்டுறதுக்கு," என்றாள் நாகலெட்சுமி, அடுப்படியிலிருந்து. கட்டியவள்.

ஜனவரி 26, ஞாயிறு

பஜாரில் கேதீஸ்வரி டீச்சரிடம் மாட்டிக்கொண்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். மூன்று வருசமாக இங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிறார். நான் கரட் பொறுக்கிக்கொண்டிருந்தேன், ஒளிய இடமில்லை.

"யோகேஸ்வரன் அண்ணா, நில்லுங்கோ. உங்கட கதையை ஒரே இருப்பில வாசிச்சு முடிச்சிட்டன்."

"மன்னிச்சிருங்க டீச்சர். புள்ள தெரியாம கொண்டாந்துருச்சு."

"என்னத்துக்கு மன்னிப்பு? நீங்களே வந்து வகுப்பில வாசிக்க வேணும். பிழை ஒண்டும் திருத்தக் கூடாது, சொல்லிப்போட்டன்."

பிறகு விஷயத்தைச் சொன்னார். பஜார் பள்ளிக்கூடத்தில், சாதாரண தரம் முடித்துப் படிக்கிற உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு மட்டும்தான். இந்த முறை கணிதப் பிரிவும் தொடங்கலாமாம். ஆனால் பத்துப் பிள்ளைகளாவது சேர வேண்டும் என்று மேலே சொல்லிவிட்டார்களாம். ஏப்ரல் முடிவதற்குள் பெற்றோர் கையெழுத்தோடு பத்துப் பெயர். டீச்சர் கையில் இருப்பது நான்கு. முதல் பெயர் சுலக்ஷனா.

பத்து சேராவிட்டால் ஹட்டனுக்குத்தான் போக வேண்டும். விடியும் முன் பஸ், இருட்டிய பிறகு வீடு, இல்லையென்றால் விடுதி. நானும் நாகலெட்சுமியும் எத்தனையோ தடவை பேசிப் பார்த்து, முடியாது என்று பிள்ளையிடம் சொல்லியாகிவிட்டது. "பரவால்லப்பா, கலையே எடுக்கிறேன்," என்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ராக்கெட்டுக்குக் கணக்குப் போடுகிற ஆளுக்கு என்ன பெயர் என்று ஆறாம் வகுப்பில் கேட்டவள் அவள். எனக்குத் தெரியவில்லை. டிரைவர் என்று சொல்லிவைத்தேன்.

போய் வாசிக்கத்தான் போகிறேன். மானம் போனால் போகட்டும்.

பெப்ரவரி 7, வெள்ளி

கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டை. பொத்தான் வயிற்றில் முட்டியது. பதினோராம் வகுப்பு முழுக்க உட்கார்ந்திருந்தது. "பிழை கண்டால் கையை உயர்த்துங்கோ," என்று டீச்சர் சொல்லியிருந்தார். முதல் பக்கம் முடியுமுன் கைகள் கொழுந்து மாதிரி தழைத்துவிட்டன. நான் ஹோன் அடித்த இடத்தில் ஒரு பையன் மேசையில் விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

முப்பத்தேழு பிழை. பலகையில் எழுதி எண்ணிப் பார்த்தார்கள்.

அப்புறம்தான் டீச்சர் பேசினார். முந்தின காலத்தில் யாரோ ஒருவர் எழுதிய கதையில், ஆட்களைப் பீரங்கிக்குள் வைத்துச் சந்திரனுக்குச் சுடுவார்களாம். அதைப் படித்த ஒரு பள்ளிக்கூடப் பையன், இது நடக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தானாம். சுட்ட உடனேயே உள்ளே இருக்கிறவர்கள் நசுங்கிச் செத்துப்போவார்கள் என்று விடை வந்ததாம். அப்படியென்றால் வேறு எப்படித்தான் போவது? அதை விடாமல் யோசித்து யோசித்து, பெரியவனானதும் ராக்கெட்டுக்கு வழி சொன்னவர்களில் அவனும் ஒருவனாம்.

"கதை பிழை எண்டபடியால்தான் அந்தப் பெடியன் கணக்குப் போட்டவன். இப்ப உங்களுக்கு முப்பத்தேழு பிழை கிடைச்சிருக்கு. ஒவ்வொண்டையும் திருத்தி, அண்ணாவின்ர லொறியை உண்மையாவே சந்திரனுக்குக் கொண்டுபோய்ச் சேருங்கோ பாப்பம்."

திரும்பி வரும்போது பாதை முழுக்க ஒரே யோசனை. நான் பிழை விட்டதற்கு யாரும் இதுவரை நன்றி சொன்னதில்லை. கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டபோது அப்பா சொன்னது வேறு.

பெப்ரவரி 19, புதன்

நிம்மதி போயிற்று. லொறியை எங்கே நிறுத்தினாலும் பிள்ளைகள். "மாமா, டீசலோட பிராணவாயுவும் கொண்டுபோகணும், டாங்கி எத்தன லீட்டர்?" "மாமா, சந்திரன்ல ஒரு பகல் ரெண்டு கிழமை, பதினாலு நாளு. வேலைக்காரங்க எப்பத் தூங்குவாங்க?" எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் கதையின் ஆசிரியர் என்ற மரியாதைக்குத் தாடியைச் சொறிந்தேன்.

பெயர்கள் ஏழு.

மார்ச் 16, ஞாயிறு

நாளைக்குப் பரீட்சை. டீச்சர் விடுமுறைக்குக்கூட ஊருக்குப் போகாமல் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார். ஒரு பை கரட் கொண்டுபோய்க் கொடுத்தேன். "உங்களுக்கு வேற வேலை இல்லையே அண்ணா," என்று திட்டிவிட்டு வாங்கிக்கொண்டார். கும்பிட்டுக்கொண்டே படியிறங்கியதில் சறுக்கி விழுந்தேன். பக்தி கூடினால் இப்படித்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஒன்பது. பத்து நாள் இருக்கிறது. ஒன்பதிலேயே நிற்கிறது.

பத்தாவதாக சுலக்ஷனாவின் வகுப்புத் தோழி ஜெயந்தினி வரலாம். வர ஆசைப்படுகிறாள். அவள் அப்பா ஜீவராஜ் விடவில்லை. ஜீவராஜ் எங்கள் மடுவத்துக் கணக்கப்பிள்ளை, கொழுந்து நிறுப்பவன், என் கூட்டாளி. பேசப் போனேன்.

"சந்திர மண்டல டிரைவர் வாங்க வாங்க. ஒங்க லொறியில எம்புள்ளைய ஏத்தவா?"

"வெளையாடாத ஜீவா. ஒரே ஒரு கையெழுத்து."

"யோகு, கணக்குல புள்ள விழுந்துச்சுன்னா ரெண்டு வருசம் மண்ணாப் போச்சு. கலை எடுத்தா பாஸாகும், டீச்சராகும். ஒனக்கு ஒம்புள்ள வகுப்பு நடக்கணும். அதுக்கு எம்புள்ளையத் தலையெண்ணிக்கைக்குக் கேக்குற. இல்லன்னு சொல்லு பாப்பம்?"

அதுதானே உண்மை. கையெழுத்து ஃபோமை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

பகல் நிறுவை. ஜெயந்தினி அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்து மடுவத்தில் நின்றாள். கொழுந்து பறித்துவந்த நாகலெட்சுமியின் சாக்கு தராசுக் கொக்கியில் தொங்கியது. இவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"கணக்கப்புள்ள, இதே சாக்க சந்திரன்ல நிறுத்தா எத்தன கிலோ காட்டும்?"

"இருவதுன்னா எங்க நிறுத்தாலும் இருவதுதான். சந்திரனுக்கு ஒரு கிலோ, இங்கன ஒரு கிலோவா?"

"இல்லப்பா," என்றாள் ஜெயந்தினி. சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்: "இந்தத் தராசு மூணே சொச்சம்தான் காட்டும்."

"மிச்சத்த யாரு தின்னா?"

"யாரும் திங்கல. கொழுந்து அப்படியேதான் இருக்கும். சந்திரன் இழுக்குற இழுவதான் கம்மி. ஒங்க தராசுக்குள்ள சுருள் கம்பி இருக்கு, எவ்வளவு இழுபடுதோ அவ்வளவுதான் காட்டும். அது கொழுந்தப் பாக்கல, இழுவையப் பாக்குது. தட்டுத் தராசு கொண்டுபோனா படிக்கல்லும் அதே மாதிரி லேசாயிரும், ரெண்டு தட்டும் நேரா நிக்கும். அப்ப இருவதுக்கு இருவது."

வரிசை முழுக்க வெடித்துவிட்டது. "பாத்தீங்களா கணக்கப்புள்ள! நாங்க சொன்னா நம்பல. ஒங்க புள்ளையே சொல்லுது, தராசு கொழுந்தப் பாக்கலியாம்!" "இன்னையிலருந்து தட்டுத் தராசு கொண்டாங்க!" நாகலெட்சுமி தலைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜீவராஜ் சிரிக்கவில்லை. மகளையே பார்த்தான்.

"இத ஆரு ஒனக்குச் சொல்லிக்குடுத்தா?"

"ஆரும் சொல்லல. மாமா கதையில சந்திரன்லயும் இருவது கிலோன்னு எழுதியிருந்தாரு. வகுப்புல ஆரும் அதப் பிடிக்கல. பரீட்ச முடிஞ்சு வீட்டுல இருந்தப்ப நானாத்தான் யோசிச்சேன்."

முப்பத்தெட்டாவது பிழை. அதை எழுதியவன் அங்கேதான் லொறிக்குள் உட்கார்ந்திருந்தான், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. ஒரு வார்த்தை பேசினால் கெட்டுவிடும் என்று பயந்து இருமலைக்கூட அடக்கினேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

காலையில் ஜீவராஜ் லொறிக் கதவைத் தட்டினான். "அந்த ஃபோமக் குடு." எஞ்சின் மூடியின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

"பதினெட்டு வருசமாத் தொங்கவிட்டு நிறுக்கிறேன். உள்ளுக்குச் சுருள் இருக்குன்னு எனக்குத் தெரியாது பாத்துக்க."

"எனக்கு டீசலே தெரியல, நீ வேற."

அப்போதுதான் சிரித்தான். பத்து.

ஏப்ரல் 30, புதன்

கணக்கப்பிள்ளையே போட்டுவிட்டார் என்று இன்னும் இரண்டு வீட்டில் போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு பெயரோடு டீச்சர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். இனிப் பரீட்சைப் பெறுபேறு வர வேண்டும். கணக்கில் விழுந்த பிள்ளையைச் சேர்க்க மாட்டார்களாம். கோயிலில் தேங்காய் உடைத்தேன். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான், சாமி பிரித்துக்கொள்ளட்டும்.

ஜூலை 11, வெள்ளி

பெறுபேறு வந்துவிட்டது. சுலக்ஷனா கணக்கில் ஏ. ஜெயந்தினியும் ஏ. இரண்டு பிள்ளைகள் கணக்கில் விழுந்துவிட்டார்கள். அந்த வீடுகளுக்கும் போய்வந்தேன். திரும்ப எழுதுவார்கள், இரண்டு தடவை விழுந்தவன் என்ற முறையில் எனக்கு அதைச் சொல்ல உரிமை இருக்கிறது.

பன்னிரண்டில் இரண்டு போனால் பத்து. என் வாழ்க்கையில் நான் சந்தோசமாகப் போட்ட ஒரே கழித்தல்.

டீச்சருக்குப் போன் எடுத்தேன். "பத்து சரிதானே டீச்சர்? பத்துன்னா பத்துதானே?" "ஓம் அண்ணா, பத்து பத்துத்தான்," என்றார். நான் லொறிக்குப் பிரேக் பார்க்க வேண்டும் என்று ஏதோ உளறிவிட்டு வைத்துவிட்டேன். நன்றி என்று சொன்னேனா? சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். படி பார்த்து இறங்க வேண்டும்.

ஜூலை 28, திங்கள்

கணிதப் பிரிவு முதல் நாள். வீட்டுக்கு வந்ததும் சுலக்ஷனா சீருடைகூட மாற்றாமல் என்னை உட்காரவைத்துப் படிப்பித்தாள். தாளில் அம்புக்குறி அம்புக்குறியாக வரைந்து, ஒன்றின் நுனியில் இன்னொன்றைப் போட்டு, அப்ப இது இந்தப் பக்கம் போகும் என்றாள். நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று ஆண்டவனுக்கே தெரியாது.

"வெளங்கிச்சா?" என்றாள் நாகலெட்சுமி.

"ஒரு எழவும் வெளங்கல."

"பெறகு ஏன் பல்லக் காட்டிக்கிட்டு இருக்கீங்க?"

சுலக்ஷனா தாளைத் திருப்பிப் போட்டு, முதலிலிருந்து தொடங்கினாள்.