ஒன்பதாவது ஆள்

கண்டி
18.10.1991

அன்பு மகன் தனபாலுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் நலத்தை நீ எழுதி மூன்று மாதமாகிவிட்டதால் அதையும் நாங்களே நலம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆகஸ்டில் நீ இருக்கிற மொஸ்கோவின் தெருக்களில் யுத்த தாங்கிகள் நிற்பதாக ரேடியோவில் சொன்னார்கள், பிறகு எல்லாம் அடங்கிவிட்டது என்றார்கள், அடங்கிய பிறகாவது நீ ஒரு வரி போட்டிருக்கலாம். தபால்காரர் இப்போது நம் கடையைக் கடக்கும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார்.

நீ அனுப்பிய மூன்று புத்தகங்களும் பத்திரம் என்று எழுதத்தான் ஆசை. மூன்றிலும் ஒரே புரட்சிக் காலத்துப் பாட்டு, எட்டுப் பேர் உறைந்த ஆற்றின்மேல் நடந்து போகிறார்கள், வேறு வேறு காலத்தில் மூன்று ஓவியர்கள் அதற்குப் படம் போட்டிருக்கிறார்கள், அப்பா படம் பார்க்கிற ஆள் என்று நீதானே எழுதினாய். அந்த ரஷ்ய எழுத்து எனக்கு விளங்காது, படம் விளங்கும், முப்பது வருஷமாகப் படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சாப்பிடுகிறவன். மூன்றிலும் நடுப்பக்கத்தில் அந்த ஆறுதான். அதை மட்டும் ஊசியால் தையல் பிரித்து எடுத்து, சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன், கோபிக்காதே. மாட்டிய பிறகுதான் எண்ணினேன், மூன்றிலும் ஒன்பது பேர். பழைய கறுப்பு மைப் படத்தில் கடைசி ஆள் முதுகைக் காட்டி நடக்கிறான், இரண்டாவதில் பாதி திரும்பியிருக்கிறான், மூன்றாவது வர்ணப் படத்தில் நின்று நம்மைப் பார்க்கிறான். ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்திருப்பார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பிறகு கெலிஓயாவிலிருந்து சகீனா உடைந்த கண்ணாடி ஒன்றை மாற்ற வந்தாள், அம்மாவிடம் தையல் பழகினாளே, அவள்தான். பழைய படத்தைப் பார்த்தவள் நகரவில்லை. "இது எங்கட நானாட நடை, ஒரு தோள் இறக்கம், பாருங்க" என்றாள். குவைத்தில் யுத்தம் தொடங்கியதிலிருந்து, அங்கே வேலைக்குப் போன அவளுடைய அண்ணனைப் பற்றித் தகவல் இல்லை. கேட்டாள், கொடுத்துவிட்டேன். அடுத்த கிழமை கடுகண்ணாவையிலிருந்து வந்த ஒரு சிங்கள அம்மா மழைக்குக் கடையில் ஒதுங்கினாள். எண்பத்தொன்பது கிளர்ச்சி நேரத்தில் அவள் மகனை யாரோ கூட்டிக்கொண்டு போனார்களாம், பயத்தில் அவனுடைய புத்தகங்களோடு போட்டோக்களையும் எரித்துவிட்டாளாம். இரண்டாவது படத்தைத் தடவி, என் பிள்ளை என்றாள். தொழில் பழக்கம், எல்லோரிடமும் கேட்கிற கேள்வி என் வாயில் வந்துவிட்டது, சிவப்பு பல்ப் வைக்கவா வேண்டாமா என்று. இருக்கிறவர் படத்துக்கு வெறும் சட்டம், இறந்தவர் படத்துக்குக் கீழே பல்ப், உனக்குத் தெரியாததா. அந்த அம்மா, "தெரியாது மாத்தயா" என்றாள். அப்படியே கொடுத்து அனுப்பினேன்.

முந்தாநாள் அம்மா மிச்சமிருக்கிற படத்தில் தூசி தட்டப் போனவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "இந்தக் குளிருல கழுத்துக்கு ஒண்ணுமில்லாம நிக்கிறானே" என்று மட்டும் சொன்னாள். அதுவரை அதை நேராகப் பார்க்காமல் தவிர்த்து வந்த நானும் பார்த்தேன். அலுமாரிக் கதவில் மோதி நீ வாங்கிய இடது புருவத்துத் தழும்புகூட இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் வருஷ எண் மட்டும் எனக்கு வாசிக்க முடிந்தது, 1964. நீ பிறந்தது அறுபத்தேழில். ஏங்கிப் பார்த்தால் எந்த முகமும் நம் பிள்ளை முகமாகத்தான் தெரியும், பேய் பிசாசு நம்புகிற ஆளும் நான் இல்லை, ஆனாலும் பயமாக இருக்கிறது மகனே. கழற்றி வைக்கலாம் என்றால் உன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பக் கை வரவில்லை. நேற்று ஒருவர் தன் தகப்பனார் படத்துக்கு பல்ப் கேட்டார், பெட்டியைக் காணோம். வீட்டில் அம்மாவின் அரிசி டின்னுக்குள் இருந்தது. டின்னை மூடிவிட்டு, பல்ப் முடிந்துவிட்டது என்று வந்தவரிடம் சொல்லிவிட்டேன்.

கழுத்துக்குக் கம்பளி சுற்றிக்கொள். குறுக்கு வழி என்று ஆற்றின்மேல் நடக்காதே. பாட்டில் ஒன்பதாவது ஆள் வருகிறானா என்று பார்த்து எழுது, பார்க்க நேரமில்லாவிட்டால் உன் பெயரை மட்டும் எழுதி அனுப்பு, ஆனால் உன் கையெழுத்தில் இருக்கட்டும். கதிர்காமத்து முருகன் உன் கூடவே நடந்து வருவான்.

இப்படிக்கு,
உன் அப்பா
செல்லச்சாமி