மஞ்சத்தண்ணி

அக்கா,

கீழ்வீட்டில் யாருக்கோ காய்ச்சல். மிக்சியில் பப்பாளி இலை அரைபடும் பச்சை நாற்றம் மாடிப்படி ஏறி வருகிறது. சன்னலைச் சாத்தினேன்.

திருச்செங்கோட்டில், நம் வீட்டில், உனக்கும் அரைத்தோம். தட்டணு குறைந்தால் டெங்கு. டெங்கு என்றால் பப்பாளி இலைச் சாறு. உன்னை நம் வீட்டில் விட்டுவிட்டு மாமா போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாய். காலில் சிவப்புப் புள்ளிகள் கூடின. ஒரு காலை, தண்ணீருக்குக் கை நீட்டி, "சீப்பு கொண்டா" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

சேலத்தில் ஒரு மருத்துவர் உன் ரத்தத்தை நுண்ணோக்கியில் தானே பார்த்தார். சிவப்பணுக்கள் உடைந்திருந்தன. டெங்கு இல்லை என்றார். ரத்தம் கண்டபடி உறையாமல் காக்கும் ஒன்றை உன் உடம்பே அழிக்கிறது. மெல்லிய குழாய்களிலெல்லாம் உறைகட்டிகள். தட்டணுக்கள் அவற்றில் செலவாகின்றன. அரிய நோய். விட்டால் உயிரை எடுப்பது.

உன் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு மற்றவர்களுடையதை ஏற்றினார்கள். பை பையாக, மஞ்சளாக. நினைவு தெளிந்ததும் அண்ணாந்து பார்த்தாய்.

"வயசுக்கு வந்தப்ப ஊத்துனது பத்தலையாமா? மறுக்கா மஞ்சத்தண்ணி ஊத்தறாங்க."

நர்சும் சிரித்தார். அதன்பின் நம் வீட்டில் அந்த நோய்க்கும் மருந்துக்கும் அதுவே பெயர்.

மாத்திரைகளில் முகம் உப்பியது. பரிசோதனைகளுக்குத் தவறாமல் போனாய். திரும்ப வரலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

வந்தது. ஜேடர்பாளையத்தில், உன் மாமியார் வீட்டில். ஊரெல்லாம் டெங்கு. கிளினிக்கில் உனக்கும் அதையே சொன்னார்கள். மாமா போனை எடுக்கவில்லை. இது டெங்கு இல்லை என்று சொல்லத் தெரிந்தவள் அங்கே நீ ஒருத்திதான். நோய் முதலில் எடுத்தது உன் பேச்சை.

அங்கிருந்து அத்தை சென்னைக்கு, எனக்குப் போன் செய்தார்.

"மஞ்சத்தண்ணி, மஞ்சத்தண்ணீங்கறா சாமி. ஆத்தாளுக்கு ஏதோ நேந்துக்கிட்டாளாட்ட இருக்குதுன்னு மஞ்சளக் கரைச்சு நெத்தியில தெளிச்சுட்டேன். இன்னும் அதையேதான் சொல்றா."

சாலையில் நின்று கத்தினேன், உடனே சேலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி. கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கம்பியில் பை தொங்கிக்கொண்டிருந்தது. பாதி மீதி. குழாயைக் கழற்றி, உன் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

அத்தை இப்போதும் கேட்கிறார். "அவ கேட்டதத்தான சாமி குடுத்தேன்?"

ஆமாங்க அத்தை என்கிறேன்.

அந்தச் சொல்லுக்கு நம் வீட்டில் வேறு பொருள் இருந்ததை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். அது என்னோடு இருக்கட்டும், அக்கா.