கல்பனாவின் அசேலியா

பங்குனி, வியாழன் இரவு

பக்கத்து வீட்டுக் கல்பனாவின் அசேலியா போன்சாய் இலையே தெரியாமல் பூத்திருக்கிறது. ஏற்காடு போனபோது ஒரே கடையில் சேர்ந்து வாங்கினோம். என்னுடையது இலை மஞ்சளடித்து நிற்கிறது.

“போர் தண்ணில உப்பு ஜாஸ்திக்கா, இதுக்கு ஆவாது. உங்க ஏசி தண்ணி எங்க பக்கம்தானே சொட்டுது? பக்கெட்ல புடிச்சி அதத்தான் ஊத்துறேன்” என்று சிரிக்கிறாள்.

என் சுவர் பாசி பிடிக்குமென்று அந்தக் குழாயை அவள் பக்கம் திருப்பிவிட்டதே நான்தான்.

இன்று ஏசி போடவில்லை. “எதிர்ல இருக்கிற மொட்டை மலையே அனலா கக்குது, உனக்கின்னா பைத்தியமா?” என்று இவர் கத்தினார். சளி என்றேன். பாயோடு மாடிக்குப் போய்விட்டார்.

வியர்வையில் இந்த டைரிப் பக்கமெல்லாம் நனைகிறது. நனையட்டும். காலையில் அவள் பக்கெட்டில் ஒரு சொட்டு இருக்கக் கூடாது.