தும்மலில் உடைந்த எலும்பு

பாப்பாவின் அம்மாவுக்கு அன்புடன் எழுதுவது. அத்தைக்கு மூச்சிரைப்பு தணிந்ததா?

சிரிக்காமல் படி. போன வாரம் கூரையில் தகடு பதிக்கும்போது தும்மினேன். விலா எலும்பு உடைந்துவிட்டது. வைட்டமின் டி குறைவாம்.

“அஞ்சு வருஷமா வெயில்லயே வேகுறேன், எனக்கா குறைவு, டாக்டர்?” என்று கேட்டேன்.

“வெயில் குடுக்கிறதை உடம்புக்கு ஆகிற மாதிரி மாத்துறது கிட்னிதான். உங்க கிட்னி கெட்டுப்போச்சு. எலும்பும் அதனாலதான் இத்துப்போச்சு.”

நீ அனுப்பிய சத்து மாத்திரையும் அதனால்தான் பலிக்கவில்லை.

“தும்மினா உடையிறவன் எனக்கு எதுக்கு?” என்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் சிரித்தான். அன்று மாலையே தங்குமிடத்தில் என் கட்டிலை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன். மெத்தென்ற தலையணை ஒன்று எடுத்து வை. வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். வாசலில் பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொள். அவள் ஓடிவந்து தாவினால் நான் தாங்கமாட்டேன்.